மலை ஆஸ்பத்திரி போர்டுல புதுசா சேந்திருக்கீங்களா? நம்பரை எப்படி பாக்கறதுன்னு ஒரு வழிகாட்டி

நீலகிரில ட்ரஸ்ட் ஆஸ்பத்திரி, மிஷன் ஆஸ்பத்திரின்னு சின்னதும் பெருசுமா கொஞ்சம் இருக்கு, அதோட போர்டுல யாரெல்லாம் வர்றாங்கன்னு பாத்தா ரிட்டயர்ட் பேங்க் மேனேஜர், எஸ்டேட்ல இருந்தவரு, ஸ்கூல் ஹெச்எம், ஒரு வக்கீல், ஒண்ணு ரெண்டு டாக்டர். டாக்டரைத் தவிர மத்த எல்லாருக்கும் முதல் மீட்டிங்ல ஒரே நிலைமை. கையில ஒரு தடி ஃபைல் குடுப்பாங்க, டீயும் வர்க்கியும் வரும், கலெக்‌ஷன் எவ்ளோ, சம்பளம் எவ்ளோ, புது ஸ்கேன் மெஷின் வாங்கலாமா வேண்டாமான்னு ஒன்றரை மணி நேரம் ஓடிடும், கடைசி பத்து நிமிஷத்துல சூப்பரின்டெண்டென்ட் எழுந்து "ட்ரீட்மென்ட் சைடு எல்லாம் நல்லா போயிட்டிருக்கு"ன்னு ஒரு வரி சொல்லுவாரு, எல்லாரும் தலையாட்டிட்டு சாப்பாட்டுக்கு கிளம்பிடுவாங்க.

எதை வச்சு நல்லா போகுதுன்னு சொல்றீங்கன்னு அந்த எடத்துல கேக்கறதுதான் உங்க வேலையே. நானும் டாக்டர் கிடையாது, தேயிலை ஃபேக்டரி கணக்குல இருந்து ஒரு ட்ரஸ்ட் போர்டுக்கு வந்தவன், அதனால மருத்துவம் தெரியாத ஆளு எப்படி கேக்கலாம்னு மட்டும்தான் இங்க எழுதறேன்.

இது ஏன் முக்கியம்னு தெரியணும்னா இங்கிலாந்துல ஸ்டாஃபோர்ட் ஆஸ்பத்திரி கதையைப் படிங்க. 2005ல இருந்து 2009 வரைக்கும் அங்க வார்டுல நர்ஸ் பத்தல, வயசானவங்க அழுக்குத் துணிலயே கிடந்தாங்க, தாகத்துக்கு பூ ஜாடி தண்ணியைக் குடிச்சாங்கன்னு கூட விசாரணைல சொன்னாங்க. அந்த நேரத்துல போர்டு என்ன பண்ணிட்டிருந்துச்சு? செலவைக் குறைச்சு 'ஃபவுண்டேஷன் ட்ரஸ்ட்'ங்கற (ஆஸ்பத்திரி தன் நிர்வாகத்தைத் தானே பாத்துக்கற) ஒரு உயர்ந்த அந்தஸ்து வாங்கறதுல மும்முரமா இருந்துச்சு, 2008ல அதை வாங்கியும் காட்டுச்சு. ராபர்ட் ஃப்ரான்சிஸ் தலைமைல நடந்த விசாரணையோட அறிக்கை 2013ல வந்துச்சு, மொத்தம் 290 பரிந்துரை. போர்டுல இருந்தவங்க யாரும் கெட்டவங்கன்னு நான் நெனைக்கல, அவங்க மேஜைக்கு வந்த நம்பர் பணத்தைப் பத்தின நம்பர், அதையே பாத்துட்டு இருந்துட்டாங்க.

முதல் வேலை: எது உங்க வேலை, எது இல்லைன்னு பிரிச்சுக்கறது

7ம் நம்பர் பெட்ல ஏன் இந்த ஆன்டிபயாட்டிக் போட்டீங்கன்னு போர்டு மெம்பர் கேக்கக் கூடாது, அது டாக்டர் வேலை. கேன்டீன்ல சட்னி தண்ணியா இருக்குங்கறதும் உங்க அஜெண்டா கிடையாது (ஆனா நம்ம ஊர் போர்டு மீட்டிங்ல அதுக்குத்தான் இருபது நிமிஷம் போகும்). மொத்த ஆஸ்பத்திரியும் எந்தப் பக்கம் போயிட்டிருக்குன்னு பாக்கறது, சரியில்லைன்னா யாரு எப்ப சரி பண்ணுவாங்கன்னு பதில் வாங்கறது, உங்க பொறுப்பு இந்த ரெண்டும்.

பாக்கறதுக்கு ஒரு பழைய வழி இருக்கு, அவேடிஸ் டொனபீடியன்னு ஒருத்தர் 1966ல எழுதினது, இன்னிக்கு வரைக்கும் எல்லாரும் அதைத்தான் பிடிச்சிட்டிருக்காங்க. ஆஸ்பத்திரிகிட்ட என்ன இருக்கு, அதை வச்சு என்ன செய்யறாங்க, செஞ்சதுல பேஷன்ட்டுக்கு என்ன ஆச்சு, இந்த மூணையும் பாரு அப்படின்னாரு. ஆக்சிஜன் லைன் இருக்கா, ராத்திரி டியூட்டிக்கு எத்தனை சிஸ்டர் இருக்காங்கங்கறது முதல் வகை. ஆப்பரேஷனுக்கு முன்னாடி செக்லிஸ்ட் போடறாங்களாங்கறது ரெண்டாவது. புண்ணு சீழ் வச்சுதா, ஆளு நடந்து வீட்டுக்குப் போனாராங்கறது மூணாவது. போர்டு பேப்பரை இந்த மூணு கூடைல பிரிச்சுப் போட்டுப் பாருங்க, முக்கால்வாசி முதல் கூடைலதான் விழும், ஏன்னா பெட்டையும் மெஷினையும் எண்றது ஈஸி.

ரெண்டாவது: பெட் கணக்கை கத்துக்கறது

இது ஒரு மணி நேரத்துல கத்துக்கலாம், பயப்படாதீங்க. 50 பெட் ஆஸ்பத்திரின்னு வச்சுக்குவோம், ஜூன் மாசம் 30 நாள், ஆக மொத்தம் 1500 பெட்-நாள் கையில இருக்கு. தினமும் ராத்திரி 12 மணிக்கு வார்டுல எத்தனை பேர் படுத்திருக்காங்கன்னு சென்சஸ் எடுப்பாங்க இல்லையா, அதை மாசம் முழுக்க கூட்டினா 930 வருதுன்னு வைங்க. 930ஐ 1500ஆல வகுத்தா 62 சதவீதம், இதுதான் பெட் ஆக்குபன்சி. அந்த மாசம் டிஸ்சார்ஜ் 310 பேருன்னா 930ஐ 310ஆல வகுங்க, ஒரு ஆளு சராசரியா 3 நாள் இருந்திருக்காரு.

இந்த 930தான் எல்லாத்துக்கும் அடி. மாசத்துக்கு 3 பேர் கட்டில்ல இருந்தோ பாத்ரூம்லயோ வழுக்கி விழுந்தாங்கன்னா அது ஜாஸ்தியா கம்மியான்னு தெரியாது, 930 நாளுக்கு 3ன்னா 1000 நாளுக்கு 3.2, இப்ப அடுத்த மாசத்தோட ஒப்பிடலாம். யூரின் ட்யூப் போட்டவங்களுக்கு இன்ஃபெக்‌ஷன் வந்துதான்னு பாக்கறப்ப மட்டும் மொத்த 930ஆல வகுக்கக் கூடாது, ட்யூப் போட்டிருந்த நாள் எத்தனையோ அதால வகுக்கணும். யாராவது வெறும் எண்ணிக்கையை மட்டும் காட்டினா உடனே கேளுங்க, "எத்தனைல சார்?" இந்த ஒரு கேள்வியே உங்க பாதி வேலையை முடிச்சுடும்.

சராசரி நாள் குறைஞ்சா பெருமையா சொல்லுவாங்க, கொஞ்சம் பொறுங்க. சீக்கிரம் குணமாகி போனாங்களா, கஷ்டமான கேஸ் எல்லாத்தையும் கீழ கோயம்புத்தூருக்கு தள்ளிவிட்டதால குறைஞ்சுதா, இல்ல காசில்லாம கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டாங்களா? டாக்டர் சொல்லாம போனவங்க எத்தனை, ஒரு மாசத்துக்குள்ள அதே நோவுக்கு திரும்ப அட்மிட் ஆனவங்க எத்தனை, இந்த ரெண்டையும் பக்கத்துல வச்சுதான் அந்த நம்பரைப் படிக்கணும்.

மூணாவது: நம்பர் ரொம்ப அழகா இருந்தா ஜாஸ்தியா கேக்கறது

ஃபேக்டரில நூறு கிலோ பச்சைத் தேயிலை போட்டா இருபத்தி ரெண்டுல இருந்து இருபத்தஞ்சு கிலோ தூள் வரும், எவனாவது முப்பதுன்னு எழுதிட்டு வந்தா சந்தோஷப்பட மாட்டோம், தராசைத்தான் போய்ப் பாப்போம். ஆஸ்பத்திரி நம்பரையும் அப்படித்தான் பாக்கணும்.

கை கழுவறதையே எடுத்துக்குங்க. உலக சுகாதார நிறுவனம் அஞ்சு நேரம் சொல்லியிருக்கு: பேஷன்ட்டைத் தொடறதுக்கு முன்னாடி, ஊசி ட்யூப் மாதிரி சுத்தமா பண்ண வேண்டிய வேலைக்கு முன்னாடி, ரத்தம் சளி பட்டபிறகு, பேஷன்ட்டைத் தொட்டபிறகு, அவரு கட்டில் சாமானைத் தொட்டபிறகு. குவாலிட்டி சிஸ்டர் நோட்டை எடுத்துட்டு வார்டுல நின்னு எண்ணி 96 சதவீதம்னு ரிப்போர்ட் குடுப்பாங்க. ஆளு நோட்டோட நிக்கறது தெரிஞ்சா யாரு கழுவாம இருப்பாங்க? அதனால ரிப்போர்ட்டை ஓரமா வச்சுட்டு ஸ்டோர்ஸ் லெட்ஜரைக் கேளுங்க. அதே நிறுவனத்தோட சுயமதிப்பீட்டுப் படிவத்துல 1000 பேஷன்ட்-நாளுக்கு குறைஞ்சது 20 லிட்டர் சானிடைசர் செலவாகணும்னு ஒரு அளவு இருக்கு. நம்ம 930 நாளுக்கு 18 லிட்டருக்கு மேல போயிருக்கணும். லெட்ஜர்ல ஜூன் மாசம் அரை லிட்டர் பாட்டில் எட்டு, அதாவது 4 லிட்டர்தான் வார்டுக்குப் போயிருக்குன்னா அந்த 96க்கு என்ன அர்த்தம்? பைப்பு சோப்புல கழுவறதும் உண்டு, அதனால நேரா பொய்னு சொல்லிட முடியாது, ஆனா ஊட்டி குளிர் தண்ணில சோப்பு போட்டு நாளைக்கு நாப்பது தடவ கழுவறாங்கன்னு நம்பறதுக்கு எனக்கு மனசு வரல.

ஆப்பரேஷன் செக்லிஸ்ட்டும் இதே கதை. 2008ல உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது, 19 விஷயம், மயக்கம் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ, கத்தி வைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ, தியேட்டரை விட்டு வெளிய கொண்டு போறதுக்கு முன்னாடி ஒரு தடவ நின்னு வாய்விட்டு சொல்லணும். 8 நாட்டு ஊர்கள்ல, டெல்லியும் அதுல ஒண்ணு, முயற்சி பண்ணிப் பாத்தப்ப சாவு 1.5 சதவீதத்துல இருந்து 0.8க்கு இறங்குச்சுன்னு 2009ல வந்துச்சு. அதே செக்லிஸ்ட்டை கனடால ஒன்டாரியோ மாகாணத்துல எல்லா ஆஸ்பத்திரிக்கும் கொண்டு வந்தாங்க, 101 ஆஸ்பத்திரி கணக்கைப் பாத்தா பெருசா ஒரு மாற்றமும் தெரியலன்னு 2014ல இன்னொரு ஆய்வு வந்துச்சு. பேப்பர் ஒண்ணுதான், அதை எப்படிப் பண்ணாங்கங்கறதுலதான் விஷயம் இருக்குன்னு என் கணிப்பு. ஒரு தடவ பழைய கேஸ் ஷீட் பத்தை எடுத்துப் பாருங்க, மூணு நேரத்துல போட வேண்டிய டிக் எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம்னு இருந்தா கேஸ் முடிஞ்சபிறகு டீ குடிச்சிட்டே போட்ட டிக் அது.

சைபருக்கும் இதே சந்தேகம் வேணும். "இந்த காலாண்டுல மருந்து மாறிப்போன சம்பவம் 0, விழுந்தவங்க 0"ன்னு வந்தா கைத்தட்டாதீங்க. சொன்னா திட்டு விழும்னு பயந்து யாரும் எழுதலன்னு பெரும்பாலும் அர்த்தம். மாத்தி குடுக்கப் போய் கடைசி நிமிஷத்துல கவனிச்சு நிறுத்திட்டேன்னு சிஸ்டர்ஸ் எழுதிக் குடுக்கற ரிப்போர்ட் ஏறிட்டே போச்சுன்னா அது நல்ல ஆஸ்பத்திரி. போர்டுல யாராவது "ஏன் இவ்ளோ ரிப்போர்ட்"ன்னு ஒரு தடவ கோவப்பட்டா போதும், அடுத்த மாசமே எல்லாம் சைபருக்கு வந்துடும்.

நாலாவது: ஒரு மாசத்தை வச்சு ஆடக் கூடாது

நம்ம மாதிரி சின்ன ஆஸ்பத்திரிக்கு இதுதான் பெரிய தலைவலி. மாசம் 25 ஆப்பரேஷன், போன மாசம் ரெண்டு பேருக்கு சீழ் வச்சுது, 8 சதவீதம், போர்டே அலறுது, சர்ஜனைக் கூப்பிட்டு நிக்க வைக்கறாங்க. இந்த மாசம் ஒண்ணுமில்ல, 0 சதவீதம், எல்லாரும் நிம்மதி. உண்மைல ரெண்டு மாசத்துக்கும் எந்த வித்தியாசமும் இருந்திருக்காது, சின்ன எண்ணிக்கை அப்படித்தான் துள்ளும்.

டேபிளைத் தூக்கிப் போட்டுட்டு கோடு போட்ட படம் கேளுங்க. 12 மாசம், ஒவ்வொரு மாசத்துக்கும் ஒரு புள்ளி, நடுவுல மீடியன் கோடு (12 நம்பரையும் ஏறுவரிசைல வச்சு நடுவுல வர்ற ரெண்டோட சராசரி). தொடர்ந்து ஆறு புள்ளி கோட்டுக்கு ஒரே பக்கம் விழுந்தா ஏதோ நிஜமாவே மாறியிருக்கு. தொடர்ந்து அஞ்சு புள்ளி ஏறிட்டே போனாலோ இறங்கிட்டே போனாலோ அதையும் கவனிக்கணும். மத்தபடி மேல கீழ ஆடறது சும்மா ஆட்டம், அதுக்கு விளக்கம் கேட்டா மேனேஜர் பாவம் ஏதாவது ஒரு விளக்கத்தைக் கண்டுபிடிச்சு சொல்லுவாரு, எல்லார் நேரமும் வீண். சாதாரண ஆட்டத்தையும் நிஜ மாற்றத்தையும் பிரிச்சுப் பாக்கற இந்தப் புத்தி ஆஸ்பத்திரில பிறந்தது கிடையாது, 1924ல வால்டர் ஷூஹார்ட்டுன்னு ஒருத்தர் டெலிபோன் சாமான் தரத்தைப் பாக்கறதுக்குப் போட்ட கட்டுப்பாட்டுப் படத்துல இருந்து வளந்தது. ரொம்ப அபூர்வமா நடக்கற விஷயத்துக்கு, பிரசவத்துல தாய் இறக்கற மாதிரி, சதவீதமே வேண்டாம், ஒவ்வொண்ணையும் தனியா உக்காந்து பேசுங்க.

மலைல சீசனை மறந்துட்டும் படத்தைப் படிக்க முடியாது. மே மாசம் டூரிஸ்ட் கூட்டம், கேஷுவாலிட்டி நிரம்பும், ஆக்ஸிடென்ட் கேஸ் ஏறும். இலை நல்லா வர்ற மாசத்துல தோட்டத்து ஆளுங்க வேலையை விட்டுட்டு அட்மிஷனுக்கு வர மாட்டாங்க, குடலிறக்கத்தோட கூட கூடை தூக்குவாங்க. அதனால இந்த மே மாசத்தை போன மே மாசத்தோட ஒப்பிடுங்க. வெளிய நடக்கறதையும் சேத்துப் பாருங்க, ஊட்டில 2025 ஏப்ரல்ல 700 பெட்டோட அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி திறந்தாச்சு, உங்க ஆஸ்பத்திரில பிரசவம் குறைஞ்சா ஜனங்களுக்குப் பக்கத்துலயே இலவசமா கிடைக்குதுங்கறதால இருக்கலாம், லேபர் ரூம் சிஸ்டரைத் திட்டறதுக்கு முன்னாடி அதை யோசிங்க.

அஞ்சாவது: மலைக்குன்னு நாலு நம்பர்

சிட்டி ஆஸ்பத்திரி டேஷ்போர்டை காப்பி அடிச்சா இதெல்லாம் வராது. கீழ அனுப்பற கேஸ்தான் முதல்ல. கோத்தகிரில இருந்து மேட்டுப்பாளையம் இறங்கவே ஒரு மணி நேரம் ஆகும், அதுக்கப்புறம் கோயம்புத்தூர் டிராஃபிக் வேற. அனுப்பணும்னு டாக்டர் முடிவு பண்ண நேரம், வண்டி கேட்டைத் தாண்டின நேரம், இது ரெண்டுக்கும் நடுவுல எத்தனை நிமிஷம்? மறுநாள் போன் போட்டு ஆளு எப்படி இருக்காருன்னு யாராவது கேட்டாங்களா? கூடலூர், பந்தலூர் பக்கம்னா சுல்தான் பத்தேரிக்கும் கோழிக்கோட்டுக்கும் போயிடுவாங்க, அந்தப் பக்கத்து ரிசல்ட்டையும் கேட்டு வாங்கணும், இல்லைன்னா உங்க கேஷுவாலிட்டி நல்லா பண்ணுச்சா இல்லையான்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது.

ரெண்டாவது, ரோடு மூடின நாள். 2009 நவம்பர் மண்சரிவு ஞாபகம் இருக்கறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஆக்சிஜன், ரத்தம், முக்கியமான மருந்து எத்தனை நாளுக்கு கையிருப்பு இருக்குன்னு மழைக்கு முன்னாடி போர்டுக்கு ஒரு நம்பர் வரணும். மருத்துவக் கழிவும் இதே ரோட்டுலதான் கீழ போகணும், 2016 விதிப்படி மஞ்சள் பைல போற கழிவை 48 மணி நேரத்துக்கு மேல வச்சிருக்கக் கூடாது.

மூணாவது, யாருக்கு நடந்துச்சுன்னு பிரிச்சுப் பாக்கறது. மொத்த சராசரி நல்லா இருக்கும், பழங்குடி மக்களை மட்டும் தனியா எடுத்தா, இருளரோ குறும்பரோ பணியரோ, லேட்டா வந்திருப்பாங்க, பாதில போயிருப்பாங்க. கேரட் தோட்டத்துல வேலை பாக்கற வடக்கத்தி ஆளுங்களும் அப்படித்தான். நாலாவது ஃபீட்பேக் ஃபார்ம், பில் கட்டற கவுன்ட்டர்ல வச்சு சிஸ்டர் முன்னாடியே "டிக் பண்ணுங்க"ன்னா எல்லாரும் நன்றுன்னுதான் போடுவாங்க. ஒரு வாரம் கழிச்சு அவங்க பேசற பாஷை தெரிஞ்ச ஆளை விட்டு போன்ல கேளுங்க, படுகு, மலையாளம், ஹிந்தி எதுவோ.

ஆறாவது: வார்டுக்குப் போறது

மாசம் ஒரு தடவ, சொல்லாம, கூட்டமா போகாம ரெண்டு பேர் மட்டும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல போனா நல்லது, நைட் டியூட்டி அப்பதான் எடுத்திருப்பாங்க. குறை கண்டுபிடிக்க வந்த மாதிரி நிக்காதீங்க.

"சிஸ்டர், இன்னிக்கு நைட் எத்தனை பேஷன்ட்?"

"இருபத்தி மூணு சார்."

"உங்க கூட யாரு?"

"நான்தான் சார். ஆயாம்மா ஒருத்தங்க இருக்காங்க, லேபர் ரூம்ல கூப்ட்டா அங்க போயிடுவாங்க."

போர்டு பேப்பர்ல இதே வார்டுக்கு 'செவிலியர் விகிதம் திருப்திகரம்'னு இருக்கும், ஏன்னா பேரோல்ல இருக்கற மொத்த ஆளை பெட்டால வகுத்துட்டாங்க. பேப்பர்ல விகிதத்தை ஷிஃப்ட் வாரியா கேக்கணும்னு அங்க நின்னாத்தான் புத்தி வரும். பயிற்சி முடிச்ச சிஸ்டர் ரெண்டு வருஷத்துல கோயம்புத்தூருக்கோ வெளிநாட்டுக்கோ போயிடறாங்க, வருஷத்துக்கு எத்தனை பேர் போனாங்கங்கற நம்பரும் பேஷன்ட் பாதுகாப்புப் பக்கத்துல இருக்கட்டும், ஹெச்ஆர் பக்கத்துல ஒளிச்சு வைக்க வேண்டாம்.

ஏழாவது: அஜெண்டாவைத் திருப்பிப் போடறது

பணம் பாக்க வேணாம்னு சொல்லல, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட க்ளெய்ம் எத்தனை நாளா நிக்குது, எத்தனை மாச சம்பளத்துக்கு கையில இருக்கு, இதெல்லாம் தெரியாம ஆஸ்பத்திரி ஓடாது. ஆனா முதல் ஐட்டம் பேஷன்ட்டா இருக்கட்டும். மீட்டிங் நேரத்துல கால்வாசியாவது தரத்துக்கும் பாதுகாப்புக்கும் ஒதுக்குங்கன்னு அமெரிக்கால சிகிச்சைத் தரத்தை மேம்படுத்தற ஐஹெச்ஐங்கற அமைப்பு போர்டுங்களுக்கு சொல்லுது, ஒரு மீட்டிங்ல வாட்ச் வச்சுப் பாத்தா நீங்க எங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சிடும்.

எல்லாத்தையும் ஒரே பக்கத்துல, பன்னெண்டு பதினஞ்சு படத்துக்குள்ள கேளுங்க, மீட்டிங்குக்கு ஒரு வாரம் முன்னாடி கைக்கு வரணும். பேஷன்ட் பேர் எங்கயும் இருக்கக் கூடாது, சின்ன ஊர், வயசும் கிராமமும் போட்டாலே ஆளு யாருன்னு தெரிஞ்சிடும். சரியில்லாத படத்துக்கு நேரா யாரு, என்ன, எந்தத் தேதிக்குள்ளங்கறது மினிட்ஸ்ல ஏறணும், அடுத்த மீட்டிங் அந்த லிஸ்ட்டுலதான் ஆரம்பிக்கணும். "ஸ்டாஃபுக்கு அறிவுறுத்தப்பட்டது"ன்னு எழுதினா ஒத்துக்காதீங்க, அறிவுறுத்தறதுல எந்த வார்டும் மாறினது கிடையாது.

என்ஏபிஹெச் (ஆஸ்பத்திரி தரத்தைப் பாத்து அங்கீகாரம் குடுக்கற தேசிய அமைப்பு) சர்டிஃபிகேட் வாங்கற யோசனை இருந்தா, 50 பெட் வரைக்கும் உள்ள ஆஸ்பத்திரிக்குத் தனி தர அளவே இருக்கு, அரசு ஆஸ்பத்திரிங்களுக்கு என்க்யூஏஎஸ், காயகல்ப்ங்கற தரத் திட்டங்கள் இருக்கற மாதிரி. இன்ஸ்பெக்‌ஷனுக்கு மட்டும் ரெஜிஸ்டர் எழுதற வியாதி வராம பாத்துக்குங்க.

எப்ப ஆரம்பிக்கறதுன்னு கேட்டா அடுத்த மாசமே. புதுசா எண்ணி 12 புள்ளி சேரட்டும்னு ஒரு வருஷம் உக்காந்திருக்க வேண்டாம், பழைய சென்சஸ் புக்கும் தியேட்டர் ரெஜிஸ்டரும் எம்ஆர்டி (பழைய ரெக்கார்டு வைக்கற) ரூம்லதான் கட்டி வச்சிருப்பாங்க, அந்த செக்‌ஷன் ஆளை வச்சு போன வருஷத்துப் புள்ளியைப் பின்னாடி இருந்து போட்டுடலாம், ஒரு வாரத்து வேலை. அவருக்கு ஓவர்டைம் சாங்க்‌ஷன் பண்றதுதான் நீங்க போடற முதல் தீர்மானமா இருக்கட்டும்.